கேட்காமலே ஆண்டவள்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் தையல் கூடத்தில் யார் எந்த மிஷினில் உட்காருகிறார்களோ, அதுவே அவர்களுக்குப் பெயர். பட்டன் துளைக்குக் காஜா போடுகிறவள் காஜா. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிறவள் ஓவர்லாக். இஸ்திரி போடுகிறவர் மட்டும், நரைத்த தலைக்கு மரியாதையாக, இஸ்திரி அண்ணன். இந்த முறைப்படி துணி வெட்டுகிறவளைக் கத்தரி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். யாருக்கும் நாக்கு புரளவில்லை. அவள் அக்கா. ஓவர்லாக்குக்கும் அக்கா, அவளைவிட மூத்த இஸ்திரி அண்ணனுக்கும் அக்கா, அவரையும்விட மூத்த முதலாளிக்கும் அக்கா. தன்னைவிடப் பெரியவர்களுக்கெல்லாம் அக்காவாக இருப்பது சும்மா வருகிற பட்டம் இல்லை. அதற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருந்தது. அந்த உழைப்பு முழுவதும் ஒரே சொல்லால் ஆனது.

பரவாயில்லை.

டீ ஆறிப்போய் வந்தால் பரவாயில்லை. மின்விசிறி அவள் பக்கம் திரும்பாவிட்டால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்னால், "வீட்ல கொஞ்சம் வேலை இருந்துச்சு, பரவாயில்ல, அது கிடக்குது." இதைச் சொல்லும்போது குரலில் ஒரு சொட்டுக் கசப்பு இருக்காது. கசப்பு இருந்திருந்தால் கேட்டவர்கள் பதிலுக்கு முறைத்துவிட்டுத் தப்பித்திருப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். கேட்டவர் வீட்டுக்குப் போய், கை கழுவி, சாப்பிட உட்கார்ந்து, முதல் கவளத்தை எடுக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

ஆகவே அந்தக் கூடத்தில் முதல் டீ அவளுக்குத்தான், கொதிக்கக் கொதிக்க. மின்விசிறி அவள் பக்கமே முகம் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் யாரைக் கூப்பிடலாம் என்று முதலாளி அவளிடமே யோசனை கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல். மாடியில் உருப்படியான ஜன்னல் ஒன்றுதான். தெருவைப் பார்த்த ஜன்னல், காலையிலிருந்து பொழுது சாயும்வரை சீரான வெளிச்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் மேசை பின்சுவரோரம் குழல்விளக்குக்கடியில் கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. துணியில் கோடு போடும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அப்போதிருந்த சூப்பர்வைசர் ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் தானே மேசையைத் தூக்கி ஜன்னலோரம் போட்டு, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அவள் என்ன சொன்னாள் என்று எழுதத் தேவையில்லை.

வித்தையை அவள் கற்றது பிறந்த வீட்டில். ஐந்து பெண்களில் நடுப்பெண். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அந்த வீட்டில் அழுவதற்கு ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள், அந்தத் தொழிலில் போட்டி அதிகம். ஒருமுறை அப்பா பூப்போட்ட குடை ஒன்று வாங்கி வந்தார். ஒன்றே ஒன்று. நாலு பேரும் தரையில் புரண்டார்கள். நடுவில் இருந்தவள், "எனக்குப் பரவாயில்லப்பா, நான் நனைஞ்சுக்கறேன்" என்றாள். குடை பெரியவளுக்குப் போனது. மறுநாளிலிருந்து அப்பா தன் கறுப்புக் குடையில் நடுப்பெண்ணைப் பள்ளிக்கூடம்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். குடை கிடைத்தவள் தனியாக நடந்தாள். கிடைக்காதவள் அப்பாவோடு நடந்தாள். எட்டு வயதுப் பெண் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் நேரடிப் போர்க்காரி. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சர்க்கரை டப்பாவைக்கூடப் பூட்டி வைக்கிறவள். மருமகள் சாவியைக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "காபி தரேன், சர்க்கரை உள்ள பூட்டியிருக்கு, பரவாயில்லையா?" என்று வந்தவர்களிடம் மெல்லக் கேட்பாள், அவ்வளவுதான். சொந்தபந்தம் அத்தனையும் சர்க்கரை இல்லாத காபி குடித்து முடித்தபோது மாமியாரே சாவிக்கொத்தைக் கழற்றி வீசினாள். "இந்தாடி மகராசி, நீயே வச்சுக்கோ. என் மானத்தை வாங்காத." புருஷன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். மருந்துக்கடை வேலை. கடையில் யாராவது வெட்கப்பட்டுக்கொண்டு மருந்தின் பெயரைக் கிசுகிசுத்தாலும் பளிச்சென்று கேட்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் காது மந்தமாகிவிடும். உலகத்தில் அவளிடம் தோற்காத ஒரே ஆள் அவர்தான். போரிடாததால் தோற்கவில்லை.

இதெல்லாம் நடிப்பா என்று கேட்டால், இல்லை. காஜாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்கிறவள் அக்காதான். மிச்சத் துணியில் பாதிப் பேர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அவள் உண்மையிலேயே நல்லவள். ஆபத்தே அதில்தான் இருந்தது; கெட்டவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும்.

மூன்று சூப்பர்வைசர்கள் வந்து போனார்கள். முதலாமவர் கத்துகிறவர். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்று பழமொழி சொல்கிறது. குனிந்துகொண்டே இருந்தால் குட்டுகிறவனுக்குக் கை வலிக்கும் என்கிற மூன்றாவது பாதி அதற்கு இருப்பதை அக்கா கண்டுபிடித்தாள். ஜன்னலைக் கொடுத்தவர் அவர்தான். இரண்டாமவர் சாது. அவர் எதைச் சொன்னாலும், தப்பாகச் சொன்னாலும், "சார் சொன்னா சரி" என்று அப்படியே செய்தாள். தன் வாயிலிருந்து வருவதெல்லாம் நடந்துவிடுகிறதே என்று மனுஷனுக்குப் பயம் பிடித்துவிட்டது. கடைசியில் வாயைத் திறக்குமுன் அவளைப் பார்க்கிற பழக்கம் வந்து, பிறகு வாய் திறப்பதே நின்றுபோனது. மூன்றாமவர் முதலாளியின் மச்சினர். அவர்மேல் கை வைக்க முடியாது. எனவே முதலாளியிடம் அவரை ஓயாமல் புகழ்ந்தாள். என்ன கெட்டிக்காரத்தனம், வாங்க வர்றவங்க எல்லாம் நேரா அவரைத்தான் தேடுறாங்க, இந்த இடத்தை அவரே தனியா நடத்திடுவாருங்க. கொஞ்ச நாளில் முதலாளி மச்சினருக்கு ஊருக்கு வெளியே தனியாக ஒரு கடை வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலி அவளைத் தேடி வந்தது. ஒவ்வொரு முறையும், எனக்கெதுக்குங்க பதவி, நான் வெட்டிக்கிட்டு இருக்கேன் என்று சொல்லிவிட்டாள். அதில் சூழ்ச்சி இருப்பதாக அவளே நினைத்ததில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பிவிடலாம். நின்றுகொண்டு துணி வெட்டுகிறவளை எங்கிருந்து எழுப்புவது?

நாலாவதாக வந்தவள் ஒரு பெண். முப்பதைத் தாண்டியிராது. பெரிய ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். கூடம் அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்தது. அக்கா வழக்கம்போல முதல் நாளே அவளை மேடம் என்று அழைத்தாள். தன்னைவிடச் சின்னவளை மேடம் என்று அழைத்தால், கேட்கிறவள் ஒரு வாரத்துக்குள் கூச்சத்தில் நெளிந்து, "ஐயோ, வேணாம்க்கா, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று இறங்கி வருவாள் என்பது கணக்கு. புதுசு நெளியவில்லை. மேடம் என்றால் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் டீ ஒரு டம்ளர் குறைந்துவிட்டது. கடைசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு புதுசு கேட்டாள்: "அக்கா, ஒண்ணுதான் இருக்கு. எனக்குத் தலைவலி, நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கங்க மேடம். எனக்குப் பரவாயில்ல."

"தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டுப் புதுசு குடித்துவிட்டாள்.

கூடத்து மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன என்று சொன்னால் மிகை; காஜா மட்டும் நிறுத்தினாள். ஆனால் அன்று சாயங்காலம் மாடிப்படியில் இறங்கும்போது அதைப்பற்றிப் பேசாதவர்கள் இல்லை. குடிச்சிட்டாளே, முழுசா குடிச்சிட்டாளே என்று ஓவர்லாக் மாய்ந்து போனாள். அக்கா அவளைச் சமாதானப்படுத்தி, பாவம், அவங்களுக்குத் தலைவலி என்றாள். அப்படிச் சொல்லும்போதே அவளுக்கு இலேசாகத் தலை வலித்தது.

பிறகுதான் ஜன்னலுக்கு வந்தது. தைத்து முடித்த உடுப்புகளில் கறை, பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் மேசை அதுவரை படிக்கட்டோரம் இருட்டில் கிடந்தது. நல்ல வெளிச்சம் வேண்டியது அதற்குத்தான் என்று புதுசுக்குத் தோன்றியது. தப்பான எண்ணம் இல்லை, அரைகுறையான எண்ணம். வெட்டுகிறவளுக்கும் வெளிச்சம் வேண்டும் என்பதை யாராவது சொல்ல வேண்டியிருந்தது. புதுசு கேட்கவும் செய்தாள். எல்லோரும் இருக்கும்போது, மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, இதைப் பின்னால போட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாக்கா என்று நேராகவே கேட்டாள்.

அக்கா சிரித்தாள். "எனக்கென்ன மேடம். எங்க போட்டாலும் பரவாயில்ல."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மேசை பின்சுவரோரம் போய்விட்டது.

இனி நடக்க வேண்டியது கூடத்துக்கே மனப்பாடம். அக்கா அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை, பசிக்கலை என்றாள். மறுநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள், மேசைக்கடியில் குனிந்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அதற்கு மறுநாள் இஸ்திரி அண்ணனும் காஜாவும் தூது போனார்கள். வழக்கமாக இந்தக் கட்டத்தில் சூப்பர்வைசர் தலையைச் சொறிவார், அச்சச்சோ என்பார். புதுசு இருவரையும் உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கா சின்னப் பிள்ளை இல்லையே, அவங்களுக்குக் கஷ்டம்னா அவங்களே சொல்லட்டும், நாளைக்கே மாத்திடறேன், அவங்க மனசுல இருக்கறதை நீங்க சொல்றது அவங்களுக்கு மரியாதை இல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இஸ்திரி அண்ணன் திரும்பி வந்து, அந்தப் பொண்ணு சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இஸ்திரிப்பெட்டி தேவைப்பட்டிருக்காது.

அவள் முன்னால் இப்போது ஒரே ஒரு வழி இருந்தது. எல்லோருக்கும் திறந்திருக்கிற வழி. போய்க் கேட்பது. எனக்கு ஜன்னல் வேணும், மூன்று சொல். வீட்டில் புருஷனிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள், அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில். அவர் சாப்பிட்டுக்கொண்டே, கேட்டுட வேண்டியதுதானே என்றார். அவள் அவருக்கு மோரை ஊற்றிவிட்டு, உங்களுக்கு ஒண்ணும் புரியாது என்றாள். உண்மையில் புரியாததுதான். கேட்டால் கிடைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்டுக் கிடைத்த பொருள் ஒரு பொருள், அவ்வளவுதான். கேட்காமல் கிடைத்ததோடு, கொடுத்தவனும் சேர்ந்து கிடைக்கிறான். முதலாவதை ஒருமுறை வாங்கிவிட்டால் இரண்டாவது ஒருபோதும் கிடைக்காது. கேட்கத் தெரிந்தவள் என்று ஆகிவிட்டால், பிறகு அவளும் காஜா மாதிரி, ஓவர்லாக் மாதிரி ஒருத்தி. கத்தரி என்றுகூடக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய ஓட்டலின் சிப்பந்திகளுக்குக் கோட்டு தைக்கிற வேலை வந்தது. கருநீலத் துணி, இரண்டு சுருள். ஒரு சுருளில் கோட்டின் உடம்பு, இன்னொன்றில் கை. இரண்டு சுருளிலும் ஒரே சீட்டு, ஒரே எண். அக்கா சீட்டை நம்புகிற ரகம் இல்லை. இரண்டின் ஓரத்தையும் இழுத்து ஒன்றன்மேல் ஒன்று போட்டாள். கட்டைவிரலால் நீவினாள். ஏதோ உறுத்தியது. குழல்விளக்குக்குக் கீழே கருநீலம் எல்லாம் ஒரே நீலம்தான்; தெரிந்துகொள்ள ஒரே வழி துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. வெளிச்சம் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பத்துப் பதினைந்து எட்டு நடை. துணியைக் கையில் எடுத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நடந்து போய், ஜன்னலில் நின்று, தன் மேசை இருந்த இடத்தில் இன்னொரு மேசை இருப்பதைப் பார்த்துக்கொண்டு, எனக்கு இங்கே வராமல் வேலை ஆகாது என்று ஒப்புக்கொள்கிற நடை.

அவள் நடக்கவில்லை.

ஏன் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் அழகானவை. சீட்டு ஒன்றுதானே. மேடமே பார்த்துத்தான் இறக்கினார்கள். நாம் போய்ச் சந்தேகம் கிளப்பினால் அவர்கள் மனசு சங்கடப்படும். இத்தனைக்கும் அடியில், ஒருநாளும் கேட்காத அந்த மனசில், ஒரு சின்னக் குரல் வேறொன்றைச் சொன்னது: தப்பாகப் போகட்டும், ஜன்னல் தானே நடந்து வரும். அந்தக் குரலை அவள் கேட்கவில்லை. புருஷனிடமிருந்து கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சுண்ணக்கட்டியை எடுத்தாள், கோடு போட்டாள், வெட்டினாள்.

கோட்டுகள் தைத்து, காஜா போட்டு, இஸ்திரி போட்டு, செக்கிங் மேசைக்கு வந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் முதல் கோட்டை விரித்துப் போட்டதும் அங்கே இருந்த பெண், அம்மாடி என்றாள். உடம்பு கருநீலம். கை பச்சை கலந்த ஒரு நீலம். இரண்டாவது கோட்டும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான். ஏதோ இரவல் வாங்கிய கைகளை மாட்டிக்கொண்டு ஒரு படையே அங்கே தொங்கியது.

முதலாளி மேலே ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. அது படிக்கட்டால் மட்டும் இல்லை. கூடம் மொத்தமும் ஒரே சமயத்தில் முதலில் கோட்டைப் பார்த்தது, பிறகு பின்சுவரோரம் குழல்விளக்குக்கடியில் கிடந்த மேசையைப் பார்த்தது, பிறகு புதுசைப் பார்த்தது. வாய் திறக்கத் தேவையே இல்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அப்போது உண்மையாகவே கோட்டுகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான். அது வயிற்றுக்குள் சூடாக இறங்குவதை அவளால் தடுக்க முடியவில்லை.

யார் இதுக்குப் பொறுப்பு என்று முதலாளி கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் புதுசு. "வெட்டுற மேசையை ஜன்னல்லேர்ந்து எடுத்தது நான். அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. அந்த விளக்குல யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

குரல் நடுங்கவில்லை, கண்ணில் நீர் இல்லை, சாக்கும் இல்லை. முதலாளி அவளை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். பாதியில் அவருக்கே அலுத்துவிட்டது. போம்மா, போய் ஆக வேண்டியதைப் பாரு என்று சொல்லிவிட்டு, அதே சாயத்தில் துணி கிடைக்குமா என்று தேடக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் அக்கா அந்தப் பயங்கரத்தைக் கவனித்தாள். டீ வந்தது. முதல் டம்ளரை ஓவர்லாக் எடுத்தாள், கொதிக்கக் கொதிக்க எடுத்தாள், நேராகப் புதுசிடம் கொண்டு போனாள். இஸ்திரி அண்ணன், பாவம் அந்தப் பொண்ணு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசலையே என்று மூக்கை உறிஞ்சினார். கைகளைப் பிரித்து மறுபடி தைக்கிற வேலைக்கு, யாரும் கேட்காமலே, கூடம் முழுவதும் தங்கி வேலை செய்தது. தன் சரக்கை இன்னொருத்தி கடை போட்டு விற்பதைப் பார்க்கிற வியாபாரிக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அக்காவுக்கு.

அதிலும் மோசமானது இரண்டு நாள் கழித்து வந்தது. தண்ணீர்த் தொட்டியருகே டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது புதுசு பக்கத்துக் குழாயைத் திறந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, இல்லையாக்கா?"

அக்கா டப்பாவின் மூடியை மிகவும் கவனமாகத் தேய்த்தாள்.

"ரெண்டு ஓரத்தையும் சேத்து வச்சு ரொம்ப நேரம் தடவிப் பாத்தீங்க. நான் என் நாற்காலியிலேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன பாக்கறீங்கன்னு எனக்கு அப்பப் புரியல. கோட்டு வெளிச்சத்துக்கு வந்தப்புறம்தான் புரிஞ்சுது." குழாயை மூடினாள். "பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த கைத்திறனை அந்தக் கட்டடத்தில் ரசிக்கக்கூடிய ஒரே ஆள் அக்காதான். அவளால் ரசிக்க முடியவில்லை. சொல்லிவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் ஒரு வழி இருக்கும். சொல்லமாட்டேன் என்பவளை என்ன செய்வது? இனி காலையில் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க இன்னொருவர் தொண்டையில் தான் நிறுத்தி வைத்த சிரிப்பு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறுநாள் மத்தியானம் சாப்பாட்டோடு தெரிந்துபோனது. இறங்கவில்லை.

மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். நாலாம் நாள், இப்படி ஒருத்தி கைக்குள் இருப்பதைவிட ஊர் வாயில் இருப்பது மேல் என்ற முடிவுக்கு வந்தாள். ரகசியம் என்பது ஒருத்தி கையில் இருந்தால்தான் கயிறு. எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டால் வெறும் நூல். தையல்காரிக்கு இது தெரியாதா?

சாப்பாட்டு நேரம். எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். புதுசு தன் நாற்காலியில் இருந்தாள். அக்கா எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"ஒண்ணு சொல்லணும். அந்தக் கோட்டு விஷயத்துல மேடம் மேல தப்பு இல்ல. எனக்கு அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. ஜன்னலண்ட போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வேணும்னுதான் போகல. ஜன்னலைக் கேக்க எனக்கு வாய் வரல. தப்பாப் போனா தானா திரும்பி வரும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இனி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

முதலில் காஜா அழ ஆரம்பித்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் மற்றவர்களைப் பார்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பாத்தீங்களா அக்காவை? அந்தப் பொண்ணு திட்டு வாங்கினது பொறுக்கல அவங்களுக்கு. பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாங்க."

"இல்லடி, நெஜமாத்தான் சொல்றேன்" என்றாள் அக்கா.

"நீங்க சும்மா இருங்கக்கா, உங்களை எங்களுக்குத் தெரியாதா" என்றார் இஸ்திரி அண்ணன். வேணும்னே துணியைக் கெடுத்தாங்களாம், அக்காவாம், கேக்கறவன் கேணையனா இருந்தா என்று ஓவர்லாக் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா மறுபடி சொன்னாள், இன்னும் தெளிவாக, எந்தச் சுருள், எந்த ஓரம் என்பது உட்பட. சொல்லச் சொல்ல அவர்கள் கண் நிறைந்தது. இவ்வளவு விவரமாகப் பொய் சொல்கிற அளவுக்கு அவளுக்கு நல்ல மனசு இருப்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. பிறகு, ஒவ்வொருவராகத் திரும்பி, நாற்காலியில் இருந்தவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பழி ஏற்க வைத்துவிட்டு நீ உட்கார்ந்து சாப்பிடுகிறாயே என்கிற பார்வை. புதுசு கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கூட்டம் காற்று வாங்கக் கீழே இறங்கியது. இறங்குகிற சத்தத்தில்கூட ஒரு பக்தி இருந்தது. மாடியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

புதுசு சிரித்துவிட்டாள். "அக்கா, நான் உங்களைப் பிடிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"நானும்தான் அப்படி நெனச்சேன்" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. "சத்தியமா உண்மையைத்தான் சொன்னேன். ஒரு ஜென்மமும் நம்ப மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"நான் நம்பறேன்."

"நீங்க ஒருத்தி நம்பி என்ன ஆகப் போகுது மேடம்."

அதுவும் சரிதான். உண்மை தெரிந்தவளுக்கு இனி அதனால் உபயோகம் இல்லை. உண்மையைச் சொன்னவளுக்கு இனி அதிலிருந்து விடுதலை இல்லை. நாளை முதல் டீ யாருக்கு வரும் என்பது இருவருக்கும் தெரியும். அதைக் குடித்தே ஆக வேண்டும் என்பதும்.

புதுசு எழுந்து பின்சுவரோரம் கிடந்த மேசையருகே போய் நின்றாள். "இப்ப யாரும் இல்ல. நேராக் கேக்கறேன், நேராச் சொல்லுங்க. சுத்தி வளைச்சீங்கன்னா இது இங்கயேதான் கிடக்கும், அவங்க என்னை எவ்வளவு மொறைச்சாலும் சரி. ஜன்னல் வேணுமா, வேணாமா?"

அக்கா படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். யாரும் வரவில்லை. வாய் தன் பழக்கத்தில் 'ப' என்று உதட்டைச் சேர்த்தது. அதைப் பிரித்தெடுக்க அவள் பட்ட பாடு, தைத்த கையைக் கோட்டிலிருந்து பிரித்தெடுப்பதைவிடப் பெரியது.

"வேணும்" என்றாள். "கண்ணு சரியாத் தெரியல. ரெண்டு வருஷமாவே தெரியல. வெளிச்சம் இல்லாம என்னால முடியாது."

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

சரி, செக்கிங் மேசையை ஜன்னலின் அந்தப் பக்க ஓரத்துக்கு நகர்த்தினால் இரண்டுக்குமே இடம் வரும் என்று புதுசு கையால் அளந்து பார்த்தாள். வெட்டுகிற மேசை இரண்டு துண்டாகப் பிரியும். முதல் துண்டின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அக்கா பிடித்தாள். தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான், இருவரில் ஒருத்தி பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நடக்க வேண்டும் என்பது தெரிந்தது. மேசை அந்தரத்தில் நின்றது. நீங்க முன்னால வாங்கக்கா என்று புதுசு சொல்வாள் என்று அக்கா காத்திருந்தாள்; அக்கா என்ன சொல்வாள் என்று புதுசு காத்திருந்தாள். பலகை கனத்தது.

"நீ பின்னால நட" என்றாள் அக்கா. "எனக்கு முட்டி வலி. தூண் கிட்ட வரும்போது நான் சொல்றேன்."

புதுசு ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு பின்னோக்கி நடந்தாள்.